முழந்தாளுக்குக் கீழே நோ, வலயப் போட்டிக்குப் பத்து வாரம்: ஓட விடலாமா?

கேள்வி – மார்ச் 8, மாலை

என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். 1500 மீற்றர் ஓடுகிறவள். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓட்டத்திலும் முதலாவதாக வந்தாள். மூன்று வாரமாக இடது காலில் முழந்தாளுக்குக் கீழே, உட்பக்கமாக நோ. ஓடத் தொடங்கும்போது நோகிறது, உடம்பு சூடேறியதும் குறைகிறது, இரவில் மறுபடி வருகிறது. பதினாறு வயதுப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு. பொறுத்துக்கொண்டு ஓடினால் கால் பழகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். ஓட விடலாமா? – கோண்டாவிலிலிருந்து ஒரு தகப்பன்.

மார்ச் 8, இரவு

விடவேண்டாம்.

விளக்கம் நாளைக்கு. இன்றிரவு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள் அண்ணை. பிள்ளையைக் கட்டிலில் இருத்திக் காலை நீட்டச் சொல்லுங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிப் பெருவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நோகிறது என்றால் அது ஒரு கதை. ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடத்தில் மட்டும், தொட்டதும் காலை இழுத்துக்கொள்கிறாள் என்றால் அது வேறு கதை. நோகிறதா என்று வாயால் கேட்காதீர்கள். ஓடுகிற பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். முகத்தைப் பாருங்கள்.

மார்ச் 9

குற்றியளவு இடம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்றிலிருந்து ஓட்டம் இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடக்கூடாது. வைத்தியரிடம் காட்டுங்கள். எலும்பில் நுண்முறிவு இருக்கலாம் என்று சந்தேகப்படுவதாக நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் "விளையாட்டுப் பிள்ளைதானே" என்று ஒரு களிம்போடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விழவில்லை, யாரும் தள்ளவில்லை, பிறகு எப்படி முறியும் என்று கேட்கிறீர்கள். எங்கள் ஊர்க் காலக்கணக்கைப் பாருங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை மழை. மைதானங்களில் தண்ணீர் நிற்கும், ஓட்டம் இல்லை. மழை விட்டதும் இல்லப் போட்டி வந்துவிடும். சிவப்பு இல்லத்துக்குப் புள்ளி வேண்டும், நீல இல்லத்துக்கு மானம் வேண்டும். இரண்டு மாதம் சும்மா இருந்த பிள்ளை திடீரென்று தினமும் காலையில் காப்பெற் வீதியில் ஓடுகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். பிள்ளைக்கும் பறப்பதுபோல இருக்கும். எலும்பு அந்த வேகத்தில் வராது. புதிய பாரம் வந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது. அது சில வாரத்தில் முடிந்துவிடும். அந்த இடத்தில் புதிதாகக் கட்டி இறுக்குவதற்கு மாதங்கள் ஆகும். பழைய கிடுகைக் கழற்றியாகிவிட்டது, புதுக்கிடுகு இன்னும் கட்டவில்லை, வேலி திறந்து கிடக்கிறது. மாடு அந்த இடைவெளியில்தான் வரும். பயிற்சி தொடங்கி மூன்றாம், நான்காம் வாரத்தில் பலருக்கு நோ தொடங்குவது இதனால்தான்.

சூடேறியதும் நோ குறைவதை நல்ல அறிகுறியாக எடுக்காதீர்கள். இரவில் வருகிற நோதான் உண்மையைச் சொல்கிறது.

மார்ச் 11

எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை என்றதும் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக்கொடுத்தீர்களாம். ஐஸ்கிறீம் நல்லது, பாலில் கல்சியம் இருக்கிறது. சந்தோசத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த முறிவு மயிரிழையைவிட மெல்லியது. எக்ஸ்றேயில் பெரும்பாலும் தெரிவது முறிவு அல்ல, அதைச் சுற்றி உடம்பு கட்டுகிற புதிய எலும்பு. அது தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். சிலருக்குத் தெரியாமலே போகும். எம்.ஆர்.ஐ எடுக்க வழி இருந்தால் எடுங்கள். வரிசை நீளம், காசும் நீளம் என்றால் மூன்று வாரம் முறிவு என்றே வைத்துக்கொண்டு நடந்துவிட்டு, மறுபடி எக்ஸ்றே எடுங்கள். முறிவில்லாத காலுக்கு மூன்று வாரம் ஓய்வு கொடுத்ததால் கெட்டுப்போனவர் யாரும் இல்லை.

மார்ச் 12

நோவெண்ணெய் போட்டு நன்றாக நீவிவிடச் சொல்லி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பரியாரியின் வீட்டுக்கு வழியே சொல்லிவிட்டார், சந்தியில் இறங்கி இடது கைப்பக்க ஒழுங்கை என்று.

எனக்குப் பரியாரிமார்மேல் பகை இல்லை. என் அண்ணன் மாமரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது பத்துப்போட்டுக் கட்டி நேராக்கியவர் ஒரு பரியாரிதான். அந்தக் கை இன்றைக்கும் நேராக இருக்கிறது, அண்ணன்தான் இல்லை (கனடாவில் இருக்கிறார், பயப்படவேண்டாம்). எங்கள் ஒழுங்கையில் காலால் பிறந்த மாமா ஒருவரும் இருந்தார். யாருக்கு உளுக்கு என்றாலும் அவரிடம் கூட்டிக்கொண்டு போய் முதுகில் உதைக்கச் சொல்வார்கள். என் அம்மம்மா வருடத்துக்கு நான்கு முறை உதை வாங்கிவிட்டு, நாரி சுகம் என்று சிரித்துக்கொண்டே வருவார். அது தசையும் மனமும் சம்பந்தப்பட்ட விசயம். வெடித்த எலும்பின்மேல் பெருவிரலை வைத்து நீவுவது அப்படியல்ல. பூசுவதானால் மெல்லப் பூசுங்கள், மணமாக இருக்கும். அழுத்த வேண்டாம்.

மார்ச் 17

இன்று பங்குனித் திங்கள். பிள்ளை விரதமாம். கால் சுகமாகவேண்டும் என்று பன்றித்தலைச்சி அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாளாம். இதை வாசித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை, மதியச் சமையலை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

அவள் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறாள் என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? நான் ஓடிய காலத்தில் என் நாள் இப்படி இருந்தது. காலை ஐந்து மணிக்கு வெறுந்தேத்தண்ணீர், பயிற்சி. ஆறரைக்கு ஓடிவந்து குளித்து, இரண்டு துண்டு பாணில் ஒன்றை வழியில் எறிந்துவிட்டுப் பாடசாலை. ஒன்றரைக்கு வந்து சோறு. மூன்றுக்கு மறுபடி மைதானம், ஆறுக்கு ரியூசன், இரவு எட்டரைக்குப் பசி செத்துப்போய் இரண்டு இடியப்பம். மெலிந்தால் வேகம் வரும் என்று வேறு சொல்லித்தந்திருந்தார்கள். செலவழிக்கிற சக்திக்குத் தக்க உணவு வராவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். முதலில் மாதவிலக்கை நிறுத்தும், அடுத்ததாக எலும்பு கட்டுவதை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சக்திக் குறைபாட்டுக்கென்று தனியாக ஒரு பெயரே வைத்து அறிக்கை வெளியிட்டது. ஆண்பிள்ளைகளுக்கும் வரும் என்பதையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

ஆகவே ஒரு கேள்வி. இதை நீங்கள் கேட்காதீர்கள் அண்ணை, தாய் கேட்கட்டும். கடைசியாக எப்போது வந்தது? மூன்று மாதமாக வரவில்லை என்றால் வைத்தியரிடம் காலைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லுங்கள். பெரும்பாலான ஓட்டக்காரப் பிள்ளைகள் தொல்லை விட்டது என்று நினைத்து வீட்டில் சொல்வதே இல்லை. நான் ஏழு மாதம் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். குரக்கன் மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் இருக்கிறது. குரக்கன் புட்டு, முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, முருங்கையிலை வறை, எள்ளுருண்டை, தயிர். பெரியபிள்ளையானபோது நல்லெண்ணெய் விட்டு உளுத்தங்களியும் முட்டைக்கோப்பியும் கொடுத்தீர்களே, அது ஒரு மாதத்தோடு முடிந்துபோகிற விசயம் என்று யார் சொன்னது? பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்த கையோடு ஏதாவது.

மார்ச் 19

நான் அம்மனுக்கு எதிராக எழுதிவிட்டேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். பன்றித்தலைச்சி அம்மனின் மட்டுவில் கோயிலுக்குப் பங்குனித் திங்களில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பொங்கலும் கத்தரிக்காய்க் கறியும் எப்படி மணக்கும் என்று. பொங்கிப் படைத்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்த அம்மன் கத்தரிக்காய் சாப்பிட்டதற்காக யாரையும் கோபித்ததில்லை.

மார்ச் 20

எம்.ஆர்.ஐ முடிவு வந்துவிட்டது. நுண்முறிவுதான். உள்விளிம்பில், பின்பக்கமாக. முறிவு என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தாய் அழுதாராம். அவரிடம் சொல்லுங்கள், இருக்கிற இடங்களில் இது நல்ல இடம். ஓய்வு கொடுத்தால் பொருந்திவிடும். அதே எலும்பின் முன்மேட்டில் நடுப்பகுதியில் வந்திருந்தால் மாதக்கணக்காக இழுக்கும், சிலருக்குச் சத்திரசிகிச்சைவரை போகும்.

"ஆறு வாரம் ஓய்வு, நான்கு வாரம் பயிற்சி, கணக்குச் சரியாகத்தானே வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. ஆறு முதல் எட்டு வாரம் என்பது மெல்ல ஓடத் தொடங்குவதற்கு, போட்டிக்கு அல்ல. அந்த எட்டு வாரத்தையும் நோ தொடங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். ஓட்டத்தை நிறுத்திய நாளிலிருந்து எண்ணுங்கள். நோவோடு ஓடிய மூன்று வாரத்தை எலும்பு உங்கள் கணக்கில் வரவு வைக்காது.

வலயப் போட்டி இந்த ஆண்டு இல்லை. இதை நான் எழுதுவது சுலபம், அவளிடம் சொல்லப்போவது நீங்கள்.

மார்ச் 23

"இவ்வளவு தெரிந்த நீங்கள் யார், வைத்தியரா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வைத்தியர் இல்லை. முறிந்தவள்.

2004. எனக்குப் பதினேழு வயது, 3000 மீற்றர். அப்போது வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம். மாகாணப் போட்டிக்குப் பஸ்ஸில் போனோம். ஏ9 திறந்திருந்த காலம். முகமாலையில் இறங்கி வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டி, ஏறி, ஓமந்தையில் மறுபடி இறங்கி அதையே செய்யவேண்டும். அந்த வரிசைகளில் நிற்கும்போது பாரம் முழுவதையும் வலது காலில் வைத்திருந்தேன். மாஸ்ரர் பார்த்தால் நேராக நிற்பேன். காலில் நோ இருக்கிறதா என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன்.

ஆணிச் சப்பாத்து எங்கள் அணிக்கு ஒரே ஒரு சோடிதான். இரண்டு பேர் மாறி மாறிப் போடுவோம். எனக்கு அது பெரிது, முன்னால் பஞ்சு அடைத்திருந்தேன். போட்டிக்கு முதல் நாள் இரவு நான் நொண்டுவதைக் கண்டுவிட்டார்கள். காலையில் ஒருவர் இரண்டு குளிசை தந்தார். அரை மணி நேரத்தில் கால் என்னுடையது இல்லைபோல ஆகிவிட்டது. அவ்வளவு சுகம்.

3000 மீற்றர் என்றால் ஏழரைச் சுற்று. ஆறாவது சுற்றின் வளைவில், காய்ந்த பனைமட்டையை முழங்காலில் வைத்து முறித்ததுபோல ஒரு சத்தம். எனக்குப் பின்னால் ஓடி வந்தவளுக்கும் அது கேட்டதாம், பிறகு சொன்னாள். விழுந்த இடத்தில் கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பு புதிதாக இருந்தது. உள்ளங்கை முழுக்க வெள்ளை. நோ வருவதற்கு முன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சட்டையில் துடைத்தால் அம்மா பேசுவாரே என்று.

நோ என்பது எலும்பு போடுகிற சத்தம். குளிசை அந்தச் சத்தத்தைத்தான் நிறுத்துகிறது, முறிவை அல்ல. உங்கள் பிள்ளைக்குப் போட்டி நாளில் யாராவது டைக்ளோபெனக் நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாக்கட்டோடு திரும்பி வந்தேன். முகமாலையில் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். எலும்பு என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். 2005 முழுவதும் நடப்பதும் மெல்ல ஓடுவதுமாகப் போனது. 2006இல் நன்றாக ஓடினேன், முன்பைவிட நன்றாக. ஓகஸ்ட் மாதம் முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ9 மூடப்பட்டது. இருபது வயதுப் பிரிவு எனக்கு அத்தோடு முடிந்தது.

மார்ச் 24

நேற்று எழுதியதைக் காலையில் வாசித்தேன். குளிசை தந்தவரைக் கெட்டவராக்கிவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

அவரும் ஓட்டக்காரர். 1995இல் அவருக்குப் பதினெட்டு வயது. அந்த ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்து செம்மணி வெளியால் தென்மராட்சிக்குப் போனது. அவருடைய ஓட்டம் அந்தச் சனத்துக்குள் எங்கோ விழுந்துவிட்டது. "அடுத்த வருடம்" என்பதை நம்பாத மனிதர் அவர். நம்பாததற்குக் காரணம் இருந்தது. கிடைத்த ஆண்டில் ஓடிவிடு என்று எங்களைத் துரத்தியது பேராசையால் அல்ல. உங்கள் பிள்ளையிடம் பொறுத்து ஓடச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பயத்திலிருந்துதான் பேசுகிறார்கள், பலருக்கு அது தெரியாது.

அதற்காக, அவர் தந்த குளிசை சரி என்று ஆகிவிடாது. இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூன்று முறை இல்லை என்று சொன்னவள் நான் என்பதையும் மறக்கவேண்டாம்.

மார்ச் 30

அந்த வீடியோவை இனி யாரும் இங்கே போடவேண்டாம். ஐந்து பேர் போட்டாகிவிட்டது. 1992 பார்சிலோனா, 400 மீற்றர் அரையிறுதி, டெரெக் ரெட்மண்ட் தொடைத்தசை கிழிந்து, தகப்பனின் தோளில் சாய்ந்து ஒற்றைக்காலில் முடிப்பது. நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்து அனுப்புங்கள். 1988 சியோலில் குதிக்கால் நாண் காயத்தால் ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் விலகினார். 1991இல் உலகப் போட்டியில் 4x400 அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற அணியில் ஓடினார். பார்சிலோனாவுக்குப் பிறகு அந்த நிலைக்கு அவர் திரும்பவே இல்லை. நீங்கள் கைதட்டுவது ஒருவருடைய கடைசிப் பெரிய ஓட்டத்துக்கு.

அவளுக்குக் காட்டவேண்டியது போலா ராட்கிளிஃபை. 2008இல் தொடையெலும்பில் இதே நுண்முறிவு. தேறாத நிலையில் ஓகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் மரதன் ஓடி 23ஆவதாக வந்தார். அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க் மரதனில் முதலாவது. கால் அதே கால்தான்.

மார்ச் 31

"எங்கள் எதிர்வீரசிங்கம் இப்படியா பயந்தார்?" என்று கேட்கிறவருக்கு: பெரியவிளானில் பிறந்து, யாழ் மத்திய கல்லூரியில் படித்து, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். ஆசியப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தை அவர் எடுத்தது 1958இல், டோக்கியோவில். இடையில் ஆறு ஆண்டு. தங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆறு ஆண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஏப்ரல் 6

சும்மா படுத்திருக்கச் சொல்லவில்லை. நான்கு வாரம் ஆகிறது, நடக்க நோவில்லை, அழுத்தினால் லேசாக மட்டும் தெரிகிறது என்கிறீர்கள். வைத்தியர் சம்மதித்தால் சைக்கிள் ஓடட்டும். இருக்கையைச் சற்று உயர்த்துங்கள். எழுந்து நின்று மிதிக்கக்கூடாது.

தண்ணீரும் நல்லது. நீச்சல்தடாகம் தேடி அலையவேண்டாம், காரைநகரில் கசூரினாக் கடல் இருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் ஆழம் ஏறாத கடல். சிறுவயதில் எங்களுக்கு அது பெரிய குறை, குதிக்க முடியாது. இப்போது அதுவே மருந்து. இடுப்பளவு நீரில் உடற்பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், நெஞ்சளவு நீரில் அதைவிடக் குறையும். விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போய், முழந்தாளை உயர்த்தி நடக்கவிடுங்கள். கீரிமலைக் கேணி வேண்டாம், படியில் வழுக்கினால் மற்றக் காலும் போய்விடும்.

ஏப்ரல் 8

திருத்தம். சைக்கிளைப் பற்றி எழுதும்போது காற்றை மறந்துவிட்டேன். பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றுக்கு மிதித்தாளாம், இரவில் நோ வந்ததாம். ஒழுங்கைக்குள்ளே ஓடட்டும். சோழகக் காற்று தொடங்கினால் அந்தப் பக்கமே போகவேண்டாம். இரண்டு நாள் விட்டுத் தொடருங்கள். நோ வந்த நாளை எழுதி வையுங்கள்.

ஏப்ரல் 16

இந்த முறை எழுதியிருப்பது பிள்ளை. இரண்டு வரி. மைதானத்துக்குப் போனால் அழுகை வருகிறதாம், ரியூசன் வாங்கில் இருந்தால் மைதானத்து விசில் கேட்கிறதாம், எங்கே போவது என்று கேட்டிருக்கிறாள்.

தங்கச்சி, மைதானத்துக்குப் போ. கையை வீசிக்கொண்டு போகாதே, வேலையோடு போ. ஒரு நிறுத்தற்கடிகாரம், ஒரு கொப்பி. உன் அணியில் 1500 ஓடுகிறவர்களின் ஒவ்வொரு சுற்றையும் எழுது. 5 நிமிடம் 15 வினாடியில் முடிக்கவேண்டும் என்றால் சுற்றுக்கு 84 வினாடி. அவர்கள் முதல் சுற்றை எத்தனையில் ஓடுகிறார்கள் என்று பார். நான் ஓடிய காலத்தில் எனக்கு இது தெரியாது. முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்து ஓடுவேன், அவ்வளவுதான். அழுகை வந்தால் அழுதுகொண்டே எழுது, எண்கள் நனையாமல் பார்த்துக்கொள்.

கீழே ஒருவர், "கடவுள் கொடுத்த ஓய்வு, இனியாவது படிக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். கால் முறிந்த பிள்ளைக்குக் கணக்குப் பாடம் ஆறுதல் என்று எங்கள் ஊரில்தான் சொல்வார்கள். அவள் படிக்கிறாள். இரண்டும் செய்துகொண்டுதான் இருந்தாள். கடவுளை விடுங்கள்.

மே 4

நிறுத்தி எட்டு வாரம். வைத்தியர் பார்த்துவிட்டார். அழுத்தினால் நோவில்லை, நாற்பது நிமிட நடைக்குப் பிறகும் இல்லை, இரவிலும் இல்லை. தொடங்கலாம்.

ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். காப்பெற் வீதியில் அல்ல, தோட்டங்களுக்கு நடுவே போகிற செம்மண் பாதையில். மண் தட்டையாக இருக்கிறதா என்று முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். நோவில்லாமல் ஒரு வாரம் போனால் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். நோ திரும்பினால் ஒரு படி இறங்குங்கள், பழைய இடத்துக்குப் போகத் தேவையில்லை. அடி சிறிதாக வைக்கட்டும். நீண்ட அடி வைத்துக் குதிக்காலால் இடித்து ஓடினால் அந்த இடி முழுவதும் கணைக்காலில் இறங்கும். வேகம் எல்லாவற்றுக்கும் கடைசி.

"இரண்டு வாரத்தில் போட்டி, வெல்லத் தேவையில்லை, வெறுமனே பங்குபற்றட்டும்" என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். அண்ணை, வெடிச்சத்தம் கேட்ட பிறகு வெறுமனே ஓடுகிற பிள்ளையை நான் கண்டதில்லை. உங்கள் பிள்ளை அப்படிப்பட்டவள் என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மே 5

நேற்றுக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். திருத்தப்போவதில்லை.

மே 17

வலயப் போட்டி முடிந்தது. அவள் ஓடவில்லை. கோட்டுக்கு வெளியே கொப்பியோடு நின்றாளாம். அவளுடைய அணித் தோழி முதல் சுற்றை 78இல் ஓடிவிட்டாள் என்று கண்டு, "வேகம் கூட, குறை" என்று கத்தினாளாம். தோழி குறைத்தாள், இரண்டாவதாக வந்தாள், மாகாணத்துக்குப் போகிறாள். வீட்டுக்கு வரும் வழியில் மகள் ஒரு சொல்லும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் இருக்கட்டும். இரண்டாமிடம் வந்தவளின் நேரத்தைவிட இவளுடைய போன ஆண்டு நேரம் நல்லது என்பது இவளுக்குத் தெரியும். அந்தக் கொப்பியில் எழுதியே இருக்கும்.

நானும் அன்று சந்தைக்குப் போகவில்லை. காரணம் கேட்காதீர்கள்.

ஜூன் 1

நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து முறை. நோவில்லை. நல்லது.

செம்மண் பாதையில் நாய் ஒன்று துரத்தியதாம். அவள் நடக்கவேண்டிய நிமிடமாம் அது. ஓடக்கூடாது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். நாய் குழம்பிப்போய்த் திரும்பிப் போய்விட்டதாம். தங்கச்சி, நான் சொன்ன விதிகள் நாய்க்குப் பொருந்தாது. அடுத்த முறை ஓடு.